வெப்சைட்டில் போட்ட ‘வாங்க’

களம்பூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஆரணிப் பட்டுக்கடைக்காரர் ஒருவரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். கடைக்கு வெப்சைட் போட்டும் வெளிநாட்டிலிருந்து ஒருவர்கூட ஒரு வரி எழுதவில்லையே என்று அவர் புலம்பிக்கொண்டே வந்தார்.

“எப்டி எழுதுவாங்க? வந்தவங்கள எல்லாம் அதட்டிகினு இருக்குது உங்க வெப்சைட்டு.”

“இன்னாடி சொல்ற?”

“லண்டன்லேர்ந்து எந்தம்பி போன் பண்ணான். மொதல்ல ‘வாங்க’ன்னு எழுதிக் குடுத்தீங்க இல்ல? இங்கிலீஷ்ல மாத்துனவரு அத வெலைக்கு வாங்கச் சொல்றதுன்னு நெனச்சி ‘வாங்கு’ன்னு போட்டுட்டாராம். அதப் பாத்து பிரெஞ்சுலயும் வாங்கு, ஜெர்மன்லயும் வாங்கு!”

எங்கள் ஊர்க் கடைகளில் வந்தவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்த பிறகுதான் புடவையையே பிரிப்பார்கள். கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“பேஜாராப் போச்சே. பேசாம ‘உக்காருங்க’ன்னு மாத்திடலாமா?”

“கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துகினுதான பாப்பாங்க? ‘சாப்ட்டீங்களா’ன்னு கேளுங்க.”

“பொடவ விக்கிற எடத்துலயா? ‘இன்னும் சாப்டல’ன்னு எவனாச்சும் எழுதினா இன்னா பண்றது?”

“எழுதட்டுமே. அந்த ஒரு பதிலுக்குத்தான இவ்ளோ நாளா ரெண்டு பேரும் காத்துகினு இருக்குறோம்?”