அக்கம்மாள் தோட்டத்து இருவாச்சி

— அங்கனயே நில்லு தாயி. வேலியத் தாண்டாத.

— அக்கம்மா அக்கா, நான்தான் மெர்லின். காமயகவுண்டன்பட்டியிலருந்து பறவை பாக்க வருவேன்ல?

— தெரியுது, தெரியுது. காப்பிக்கொட்டை வாங்க வந்தவுகளப் பாத்திருக்கேன், ஏலக்காய் வாங்க வந்தவுகளப் பாத்திருக்கேன். குருவி பாக்க மலையேறி வந்தவ நீ ஒருத்திதான். அதுக்குச் சம்பளம் வேற குடுக்குறாகளாக்கும்?

— காலேஜ்ல குடுக்குறாகக்கா. அந்த அயினி மரத்துல இருக்குற இருவாச்சிக் கூட்ட ஒரு தடவ பாத்துட்டுப் போயிர்றேன். பொந்து வாய அடைச்சுக்கிட்டுப் பொட்டை உள்ள கெடக்கு. ஒரு கீத்து மட்டும் விட்டிருக்கு. அது வழியா ஆணு கொண்டாந்து ஊட்டுற பழத்துலதான் தாயும் குஞ்சும் உசிரோட இருக்குதுக.

— கூடு இருக்கட்டும். மொத நாளு வந்தப்ப மரத்தச் சுத்தி டேப்பு வெச்சு அளந்தியே, அது எதுக்கு?

— எம்புட்டுப் பெரிய மரத்துல கூடு வெக்கிதுன்னு தெரிஞ்சுக்கத்தான்.

— இன்னைக்கு மரத்த அளந்தவுக நாளைக்கு நெலத்த அளப்பாக. மேகமலைப் பக்கம் பூராவும் சரணாலயம் ஆக்கப் போறாகன்னு சின்னமனூரு டீக்கடையில பேசுறாக. இந்த மாதிரிப் பறவ இருக்குற தோட்டத்தத்தான் மொதல்ல எடுப்பாகளாம்.

— பட்டா நெலத்த அப்பிடியெல்லாம் எடுத்துற முடியாதுக்கா.

— முடியாதுன்னு சொல்ல நீ என்ன கலெக்டரா? எங்க வீட்டுக்காரக கல்லப் பொறக்கிக் கட்டு கட்டி, ஒவ்வொரு செடியா வெச்ச காப்பி இது. அவுக போன பெறகு நானும் என் கொழுந்தன் கருத்தக்கண்ணனுந்தான் பாக்குறோம். இத விட்டா கோம்பையில போயிக் கூலிக்குத்தான் நிக்கணும். சரி, வந்துட்ட. இப்பிடி வந்து உக்காரு. கடுங்காப்பி போடுறேன்.

— இப்பத்தான வேலியத் தாண்டாதன்னீக?

— மனசு மாறக் கூடாதா?

— அக்கா, சரிவுல கோடாலிச் சத்தம் கேக்குது.

— கருத்தக்கண்ணன் கெள கழிக்கிறான். காப்பிக்குக் கொஞ்சம் வெயிலும் வேணும்ல.

— கெள கழிக்க அருவா போதும். இது தடி மரத்துல விழுற வெட்டு. என்னைய எதுக்கு இங்கன உக்கார வெக்கிறீக? என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.

— நீ மொதல்ல சொல்லு. என் தோட்டத்தப் பத்தி ஒங்க காலேஜ்ல என்ன சொல்லி வெச்சிருக்க?

— ஒண்ணும் சொல்லல.

— பொய்யி.

— மாதா மேல சத்தியம். இந்தச் சரிவுல கூடே இல்லைன்னு எங்க சாருகிட்டச் சொல்லிட்டேன். இருக்குன்னா கேமராவத் தூக்கிக்கிட்டுக் கூட்டமா வருவாக. கூட்டுக்கும் கெடுதல், ஒங்களுக்கும் பயம். எங்கப்பாவும் திராட்சத் தோட்டக்காரருதான். நெலம் போயிருமோன்னு பதறுறது எனக்குத் தெரியாதா? அதச் சொல்லத்தான் இன்னைக்கு வந்தேன்.

— இத போன வாரமே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா!

— கல்லத் தூக்கிக்கிட்டு வெரட்டுனீக. எங்கன நின்னு சொல்ல? அக்கா... அயினியத்தான் வெட்டுறாரா? நிறுத்தச் சொல்லுங்க!

— நிறுத்தி என்ன செய்ய? விடியவுமே சாச்சாச்சு. இப்பத் துண்டு போட்டுக்கிட்டிருக்கான்.

— ஐயோ! பொட்டை?

— மரம் விழுந்த வேகத்துல செத்துப் போச்சு.

— ஆணு?

— அந்தா, ரெக்கச் சத்தம் கேக்கலையா? வாயில பழத்தோட சுத்திச் சுத்தி வருது. எங்கன எறங்குறதுன்னு தெரியல அதுக்கு.

— நான் கெளம்புறேன். இனி ஒங்க தோட்டத்துப் பக்கமே வர மாட்டேன். ஒங்களுக்கு நிம்மதிதான?

— போயிராத தாயி. குஞ்சு சாகல. தூக்கி வீசுன்னான் கருத்தக்கண்ணன், எனக்குக் கை வரல. வீட்டுக்குள்ள கூடையில கெடக்கு. என் நெழலு பட்டாலே வாயத் தொறக்குது. உள்ள வந்து, அதுக்கு என்னத்த ஊட்டணும்னு சொல்லிக் குடு.