ஃப்ளூரைடு போடாத பாட்டில்

பென்சிலின் பாட்டில் கழுவுவதை யாரும் ஒரு வேலையாக மதிப்பதில்லை. ஊசி மருந்து தீர்ந்த பிறகு மிஞ்சும் அந்தச் சின்னக் கண்ணாடி பாட்டிலைத்தான் சொல்கிறேன். லேபிளைச் சுரண்டி எடுத்து, சோடாத் தூள் போட்ட தண்ணீரில் கொதிக்க வைத்து, குழாய்த் தண்ணீரில் நான்கு தடவை, காய்ச்சி வடித்த தண்ணீரில் இரண்டு தடவை அலச வேண்டும். திருவள்ளூரில் டாக்டர் வீரராகவனின் கிளினிக்கில் பத்து வருஷம் லேப் டெக்னீஷியனாக இருந்தேன். என் பாட்டிலில் கறை இருந்தது என்று ஒரு நாளும் யாரும் சொன்னதில்லை.

இன்ஸ்பெக்டர் ஐயா, முதலிலிருந்து, உங்களுக்குப் புரிகிற மாதிரி எழுதச் சொன்னீர்கள். புரிய வேண்டுமென்றால் பாட்டிலிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். சலித்துக்கொள்ளாமல் படியுங்கள்.

உடம்பை விட்டு வெளியே எடுத்தவுடன் ரத்தம் செத்துவிடுகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பாட்டிலுக்குள்ளும் அதன் அணுக்கள் உயிரோடு இருக்கின்றன, பக்கத்தில் உள்ள சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கின்றன. சர்க்கரையை அவை ஒரே வாயில் விழுங்குவதில்லை. பத்துப் படியாக உடைக்கின்றன, படிக்கு ஒரு நொதி. ஒன்பதாவது படியில் வேலை செய்யும் நொதிக்கு ஈனோலேஸ் என்று பெயர். அதை முடக்கிவிட்டால் முன்னால் உள்ள எட்டுப் படியும் தேங்கிப்போகும். முடக்குவதற்குத்தான் சோடியம் ஃப்ளூரைடு. பாட்டிலில் ஒரு சிட்டிகை போட்டால் போதும், காலையில் எடுத்த ரத்தத்தில் இருந்த சர்க்கரை சாயங்காலமும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். கூடவே ஆக்சலேட் என்று இன்னொரு உப்பும் போடுவோம், அது ரத்தம் உறையாமல் இருப்பதற்கு. இரண்டும் வெள்ளைத் தூள். ஃப்ளூரைடு இல்லாமல் ஆக்சலேட் மட்டும் போட்ட பாட்டிலைப் பார்த்து எந்த டாக்டராலும் கண்டுபிடிக்க முடியாது.

என் தங்கை குணசுந்தரிக்குப் பதினைந்து வயதில் சர்க்கரை வியாதி வந்தது. பெரியவர்களுக்கு வருகிற மாதிரி மாத்திரைக்கு அடங்குகிற வியாதி இல்லை. அவள் உடம்பில் இன்சுலின் சுரப்பதே நின்றுபோய்விட்டது. தினமும் காலை ஆறு மணிக்கு நாற்பது யூனிட் ஊசி போட்டால் உயிரோடு இருப்பாள், போடாவிட்டால் இரண்டு மூன்று வாரம். இதை டாக்டர் என்னிடம் மட்டும்தான் இவ்வளவு பச்சையாகச் சொன்னார். அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். அம்மா கெங்கம்மாளுக்குக் கண் சரியாகத் தெரியாது. சிரிஞ்சில் கோடு பார்த்து மருந்து இழுக்க வீட்டில் இருந்தது நான் ஒருவன்தான்.

பெரியபாளையத்துக்கு வடக்கே, ஆரணி ஆற்றை ஒட்டி எங்களுக்கு மூன்று ஏக்கர் நெல் நிலமும் வீடும். ஏழு வருஷம், ஒரு நாள் தவறாமல், விடியலில் ஸ்பிரிட் விளக்கைக் கொளுத்தி, கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைத்து, அவளுக்கு ஊசி போட்டுவிட்டு திருவள்ளூர் பஸ் பிடித்தேன். அந்த ஏழு வருஷத்தில் ஒரு ராத்திரிகூட வெளியூரில் தங்கியதில்லை. சிநேகிதர்கள் திருப்பதி போனபோது நான் சிரிஞ்ச் கொதிக்க வைத்தேன். கஷ்டம் என்று சொல்லவில்லை. அவள் கையை நீட்டி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "சீக்கிரம் போடுண்ணா" என்று சொல்லும்போது எனக்கு அவள்மேல் பாசம்தான் வரும். எரிச்சலும் வரும். இரண்டும் ஒன்றாக வரக்கூடாது என்று சட்டம் எதுவும் இல்லையே.

எனக்கு முப்பத்தொரு வயது. இரண்டு இடத்தில் பெண் பார்த்து, இரண்டும் தட்டிப்போனது. மூன்றாவது, கவரைப்பேட்டையில் அரிசி மில் வைத்திருந்த பரசுராமனின் மகள். பெண் அழகு, அமைதி. எனக்குப் பிடித்திருந்தது. பரசுராமன் எங்கள் வீட்டில் காப்பி குடித்துவிட்டு, குணசுந்தரி காதில் விழும்படியே அம்மாவிடம் சொன்னார்.

"தப்பா நெனச்சிக்காதம்மா. தெனிக்கும் ஊசி போட்ற கேஸு ஊட்ல கீது. நாளைக்கு எம்பொண்ணு வந்து இந்தப் பேஜார்லாம் பாத்துக்கினு இருக்குமா?"

அன்று ராத்திரி குணசுந்தரி சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன்.

அடுத்து நடந்தது முழுக்கத் தற்செயல். 1968 பங்குனியில் மெட்ராஸிலிருந்து ஃப்ளூரைடு வரத் தாமதமானது. பதினைந்து நாளைக்கு ஒரு தடவை வீட்டிலேயே அவளிடம் ரத்தம் எடுத்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கொண்டுபோவது என் வழக்கம். அந்தத் தடவை ஆக்சலேட் மட்டும் போட்ட பாட்டில். கிளினிக்கில் சர்க்கரைப் பரிசோதனை எல்லாவற்றையும் சாயங்காலம் நான்கு மணிக்குத்தான் மொத்தமாகச் செய்வேன். பத்து மணி நேரம், அதில் பாதி என் உடம்புச் சூட்டில். சோதனையில் நீலம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு சர்க்கரை. அன்று வந்த நீலம் மிகவும் வெளிறி இருந்தது. கணக்குப் போட்டால் எழுபத்தெட்டு.

காரணம் எனக்குத் தெரியும். இருந்தாலும் வந்ததை எழுதினேன். டாக்டர் பார்த்துவிட்டுச் சந்தோஷப்பட்டார், கூடவே பயந்தார். சர்க்கரை இதற்கும் கீழே போனால் பெண் மயங்கி விழுந்துவிடுவாள் என்று, நாற்பதை முப்பத்திரண்டாகக் குறைத்தார். நல்ல டாக்டர். எச்சரிக்கையானவர்.

வீட்டில் சொன்னேன். அம்மா அப்படியே தெருவில் இறங்கி நின்று பெரியபாளையத்து பவானி அம்மன் இருக்கும் திசையில் கும்பிட்டாள். பூரணமாகக் குணமானால் ஆடி மாதம் பெண்ணுக்கு வேப்பஞ்சேலை கட்டி வலம் வரச் செய்வதாக நேர்ந்துகொண்டாள். குணசுந்தரி என்னிடம் ஓடிவந்து, "நெசமாவாண்ணா? நெசமாவா?" என்று கேட்டாள். ஏழு வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்த முகத்தைப் பார்த்து, பாட்டிலில் ஃப்ளூரைடு இல்லை என்று எப்படிச் சொல்வது? உங்களால் முடியுமா?

அடுத்த வாரம் ஃப்ளூரைடு வந்துவிட்டது. மற்ற நோயாளிகளின் பாட்டில்களில் எல்லாம் முறைப்படி போட்டேன். அதில் நான் துளியும் குறை வைத்ததில்லை.

செய்தி கவரைப்பேட்டை வரை போய், பரசுராமன் மறுபடியும் வந்தார். வியாபாரி இல்லையா, வாய் வார்த்தையை நம்பவில்லை. இன்னும் மூன்று ரிப்போர்ட் இப்படியே நல்லதாக வரட்டும், டாக்டர் கையெழுத்தோடு பார்த்துவிட்டுத் தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்றார். மூன்றும் வந்தன. இன்சுலின் குறையக் குறைய அவள் ரத்தத்தில் உண்மையான சர்க்கரை ஏறிக்கொண்டே போனது, அதனால் பத்து மணி நேரம் போதவில்லை. முதல் நாளே ரத்தம் எடுத்து, இரவு முழுக்க அடுப்பு மேடை ஓரத்தில் வைத்து, மறுநாள் கொண்டுபோனேன். பிறகு இரண்டு இரவு. ரத்தத்துக்குச் சாப்பிட நேரம் கொடுத்தால் போதும். எண்பது, எழுபத்திரண்டு, எழுபது. நான் ஒரு எண்ணையும் கையால் மாற்றி எழுதவில்லை. ஒரு தடவை டாக்டர் மூத்திரத்தையும் பார்த்துவிடலாம் என்றார். கொண்டுவந்து கொடுத்தேன். யாருடையது என்று அவர் கேட்கவில்லை. அது என்னுடையது.

முப்பத்திரண்டு இருபத்துநான்கானது, பதினாறானது, எட்டானது. ஆனி மாதக் கடைசியில் டாக்டர் ஊசியையே நிறுத்தினார். "ஆயிரத்தில் ஒண்ணு இப்படி நடக்கும் பூவராகவா, நான் படிச்சிருக்கேன்" என்றார். அந்த வாரம்தான் முதல் தடவையாக மெட்ராஸ் போய் ஒரு ராத்திரி தங்கினேன். மெரினாவில் மணலில் படுத்துக் கிடந்தேன். காலையில் எட்டு மணிக்கு எழுந்தேன். யாருக்கும் சிரிஞ்ச் கொதிக்க வைக்க வேண்டியதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, அவ்வளவு நிம்மதி.

வீட்டுக்குத் திரும்பியபோது குணசுந்தரி குடத்தருகில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது.

"சக்கரதான் போயிடுச்சே. அப்புறம் ஏண்ணா இவ்ளோ தாகமா கீது?" என்றாள்.

"வெயில் காலம்" என்றேன்.

வெயில் உண்மையிலேயே கடுமையாகத்தான் இருந்தது. அம்மாவுக்கு வேறு ஒரு கவலை. கொல்லையில் குணசுந்தரி ஒதுங்கும் இடத்தில் கால் வைத்தாலே எறும்பு மொய்க்கிறதாம். "வியாதி வந்த புதுசுல இப்டித்தான்டா மொய்ச்சிது" என்று சந்தேகமாக என் முகத்தைப் பார்த்தாள். கிளினிக்கிலிருந்து கொஞ்சம் ஃப்ளூரைடு கொண்டுவந்து அந்த இடத்தில் தூவினேன். பூச்சி மருந்தாகவும் அது நன்றாக வேலை செய்யும். எறும்பு வருவது நின்றது, அம்மா கேட்பதும் நின்றது.

ஆடி மூன்றாவது ஞாயிறு நேர்த்திக்கடன். முந்தின நாளே குணசுந்தரிக்கு வயிற்று வலி, வாந்தி. விரதம் இருப்பதால் வந்த பித்தம் என்றாள் அம்மா. காலையில் வண்டி கட்டிக்கொண்டு போனோம். சம்பந்தியாகப் போகிறவர் என்பதால் பரசுராமனும் குடும்பத்தோடு வந்திருந்தார். ஆற்றில் குளிக்க வைத்து, ஈரப் புடவைக்கு மேல் வேப்பிலைக் கொத்துகளை இடுப்பிலிருந்து கால் வரை சுற்றிக் கட்டினார்கள். கோயிலைச் சுற்றி எங்கு பார்த்தாலும் பொங்கல் அடுப்பு, புகை, பம்பைச் சத்தம்.

இரண்டாவது சுற்றில் அவள் மூச்சு மாறியது. வாயைத் திறந்து, அடிவயிற்றிலிருந்து இழுத்து இழுத்து விட்டாள். ஓடி வந்தவளுக்கு இரைக்கிற மூச்சு இல்லை அது. ரத்தத்தில் அமிலம் ஏறிவிட்டால் உடம்பு அப்படித்தான் மூச்சு வாங்கும். அந்த மூச்சில் அழுகிய பழத்தின் வாசனை இருக்கும். எனக்குப் பத்தடி தூரத்திலேயே அடித்தது.

பக்கத்தில் வந்த கிழவி ஒருத்திக்கும் அடித்தது. "பழ வாசன வருதுடி. ஆத்தா எறங்கிட்டா" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். உடனே பெண்கள் குலவை போட்டார்கள். பம்பைக்காரர்கள் அவளைச் சுற்றி வந்து நின்று வேகமாக அடித்தார்கள். அம்மா மண்ணில் விழுந்து கும்பிட்டாள். பரசுராமன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "ஆத்தா, இந்தக் கல்யாணம் நல்லபடியா நடக்குமா? உனக்கு இன்னா வேணும், சொல்லு தாயே" என்று குறி கேட்டார்.

"தண்ணி" என்றாள் குணசுந்தரி.

குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து அவள் தலையில் ஊற்றினார்கள். அவள் நாக்கை நீட்டி, முகத்தில் வழிந்ததை நக்கினாள். அதைப் பார்த்துக் கூட்டம் இன்னும் உரக்கக் கும்பிட்டது. நான் தட்டில் கற்பூரம் ஏற்றிக் காட்டினேன். ஊரே கும்பிடும்போது நான் மட்டும் கை கட்டி நின்றால் நன்றாக இருக்காது.

சற்று நேரத்தில் விழுந்தாள். ஆத்தா மலையேறிவிட்டாள் என்று சொல்லி, நிழலில் படுக்க வைத்து விசிறினார்கள். எழுந்திருக்கவில்லை. வண்டியில் ஏற்றித் திருவள்ளூர் ரோட்டில் பாதி தூரம் போவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. அம்மன் தன்னோடு அழைத்துக்கொண்டாள் என்றுதான் ஊரில் இன்றைக்கும் பேச்சு. அம்மா அந்த வேப்பிலையில் ஒரு கொத்தை சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறாள்.

கருமாதிக்கு டாக்டர் வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். "நான்தான் கொன்னுட்டேன். பொண்ணை நேர்ல வரவழைச்சுப் பாத்திருக்கணும். உன் ரிப்போர்ட்ல எங்கேயோ தப்பு இருந்திருக்கு, நான் அதைக் கவனிக்கலை" என்றார்.

தப்பு என்ற அந்தச் சொல்லை என்னால் பொறுக்க முடியவில்லை. பத்து வருஷம் வேலை செய்திருக்கிறேன். "ரிப்போர்ட்ல ஒரு தப்பும் இல்ல டாக்டர். பாட்டில்ல எவ்வளவு இருந்துதோ அதத்தான் எழுதினேன்" என்று சொல்லி, எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் கையை விட்டுவிட்டார். மறுநாள் நீங்கள் வந்தீர்கள்.

அவரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. முழுதாக எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். கோயிலுக்குப் போவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை, டாக்டர் என்னைக் கூப்பிட்டு, ஊசி நிறுத்தியாகிவிட்டாலும் அவசரத்துக்கு வீட்டில் இருக்கட்டும் என்று சீக்கிரம் வேலை செய்கிற இன்சுலின் ஒரு பாட்டில் கொடுத்தார். புதுசு, மூடியைக்கூடத் திறக்கவில்லை. கோயிலில் என் தோள் பையில்தான் அது இருந்தது. சிரிஞ்சும் இருந்தது. கொதிக்க வைக்க வேண்டுமென்றால் என்னைச் சுற்றி நூறு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் போட்டிருந்தால்கூடப் பிழைத்திருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். போட்டால் அவள் பிழைப்பாள், மறுநாள் காலை ஆறு மணிக்கும் போட வேண்டியிருக்கும். ஆவணியில் எனக்குக் கல்யாணம். பையின் வாரை இழுத்துக் கட்டினேன். என் தங்கையைக் கொன்றது நான்தான்.

ஆனால் இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். நிழலில் படுத்திருந்தபோது அவள் கண்ணைத் திறந்து, "ண்ணா, தண்ணி" என்றாள். மற்றவர்கள் எல்லோரும் அவள் தலையில்தான் ஊற்றினார்கள். சொம்பைக் கொண்டுபோய் வாயில் வைத்துக் குடிக்க வைத்தது நான். அந்தக் கூட்டத்தில் அவளுக்குத் தாகம் என்பதைக் கவனித்தவன் நான் ஒருவன்தான்.