குமிழிக்குள் நான்கு நிமிடங்கள்

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் ஆஸ்குட் அவர்களே, தொப்பியைக் கழற்றாமல் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் டெரெக் வாஸ்டல் அவர்களே, மறைந்த நடிகை கோரல் பென்ஹேலை நேசித்த நண்பர்களே, வணக்கம்.

நான் எட்னா. கோரலுக்கு உடை உடுத்திவிட்டவள். அவர் படங்களில் எனக்கு வேலை குறைவுதான். சிரியுங்கள், அவரும் சிரித்திருக்கிறார்.

நான் பேசி முடித்ததும் 'நிலவு முட்டை' படத்தின் புகழ்பெற்ற காட்சியைத் திரையிடப் போகிறார்கள். 'விடுதலையின் நடனம்' என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். அந்த நடனம் எப்படி உண்டானது என்று யாராவது கேட்டீர்களா?

அறுபத்தெட்டாம் வருடம். ஊதாப் புகை, வண்ணம் வழியும் சுவர்கள், நடுவில் ஆளுயரப் பிளாஸ்டிக் குமிழி. ஆடையில்லாத காட்சி என்றால் வேலையில்லாதவர்கள் வெளியே போய்விட வேண்டும் என்பது வழக்கம். அன்று ஸ்டுடியோவில் எல்லோருக்கும் வேலை வந்துவிட்டது.

"ஏய் எட்னா, லைட்காரரு நிக்கிறது சரி. அந்த டீக்காரரு எந்த லைட்டப் புடிக்கப் போறாராம்?" என்றார் கோரல்.

"உனக்குக் குளிருமேன்னு நிக்கிறாரும்மா, பாவம்."

சிரித்துக்கொண்டேதான் குமிழிக்குள் போனார். 'என் உடம்பு என்னுடையது' என்று பத்திரிகையில் எழுதி, பெற்ற தாயிடம் திட்டு வாங்கியவர் அல்லவா?

விளக்குச் சூட்டில் குமிழியின் மூடி வளைந்து இறுகிக்கொண்டது. கோரல் தட்டினார். பிறகு குத்தினார். நான் ஓடினேன்.

"நில்லு எட்னா. கேமரா ஓடுது. என்னமா ஆடுறா பாரு" என்றார் வாஸ்டல் அவர்கள்.

நின்றேன். நான்கு நிமிடம் நின்றேன். எதற்காக? வேலை போய்விடுமே என்றுதான்.

மூடியை நெம்பி வெளியே எடுத்ததும், "நான் ஆடல, எட்னா" என்றார் கோரல்.

தணிக்கைக்காரர்கள் எதை வெட்டினார்கள் தெரியுமா? அவர் சிரித்தபடி நடந்து போனதை. மூச்சுத் திணறியதை விட்டுவைத்தார்கள். மூச்சின் ஆவி குமிழியில் படிந்து உடம்பு தெரியவில்லையாம்! அதை நீக்கச் சொல்லிக் கோரல் பதினேழு வருடம் ஸ்டுடியோவுக்குக் கடிதம் எழுதினார். இன்னொரு முறை அப்படியே ஆட முடியுமா என்றுதான் பதில் வந்தது. அந்த மூடி அவருக்குக் கடைசிவரை திறக்கவே இல்லை.

ஆடையைக் களைந்தது கோரலின் விருப்பம். மூடியைத் திறக்காதது நம் விருப்பம். இரண்டுக்கும் ஒரே பெயர் வைக்காதீர்கள்.

அவர் கேட்டதை இனி நான் கேட்பேன். இந்தக் காட்சி எங்கே ஓடினாலும் அங்கே வருவேன். தலைவர் அவர்களே, கையைக் காட்டி என்னை உட்காரச் சொல்லாதீர்கள். திரைக்கு முன்னால் நிற்கிறேன். என் அகலத்துக்கு ஓரங்கள் மட்டும்தான் தெரியும். ஓட்டுவதென்றால் ஓட்டுங்கள். இந்த முறை யார் சொன்னாலும் நான் நகர்வதாக இல்லை.