பதிமூணு புள்ளி ஆறு

இல்ல மேடம், வக்கீல் வரல. அவரு மச்சினனுக்கு திருவல்லால நிச்சயதார்த்தமாம். பரவால்ல, நானே பேசிக்கிறேன்னு சொல்லிட்டேன். அரிஷ்டத்தப் பத்தி என்னை விட அவருக்கு என்ன தெரியும்? குடிக்கத் தெரியும், அவ்வளவுதான்.

ஆமா, நாந்தான் சுகதன். சுகதன் வைத்தியர்னு எழுதிக்குங்க. கோழஞ்சேரிப் பக்கம். முன்னாடி கடை, பின்னாடி மருந்து போடுற கொட்டகை, மாடியில வீடு. இப்ப மாடி மட்டுந்தான் திறந்திருக்கு. கீழ எல்லாம் உங்க எக்சைஸ் டிபார்ட்மெண்டோட சிவப்பு அரக்கு சீல். எட்டு மாசமாச்சு.

சொல்றேன் மேடம், விஷயத்துக்குத்தான் வர்றேன். நீங்க கொல்லம் பக்கமா? பேச்சுல தெரியுது. அப்ப அரிஷ்டம் என்னன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? கஷாயம் வெச்சு, வெல்லம் கரைச்சு, புளிக்கறதுக்குத் தாதிரிப்பூவப் போட்டு, ஜாடிய மூடி முப்பது நாள் தொடாம வெக்கணும். அதுவே உள்ள புளிச்சு, அதுவே கொஞ்சம் போதையாயிடும். நாம சாராயம் ஊத்துறதில்ல. தானா வர்றது. நூத்துக்குப் பன்னெண்டு வரைக்கும் வரலாம்னு சர்க்காரும் சொல்லுது. பதிமூணு வந்தா ஜெயில். அந்த ஒண்ணு எங்க இருந்து வந்துச்சுங்கறதுதான் நம்ம கேஸு.

இதுக்கு அப்பன்மாரு ரெண்டு பேரு மேடம். மருந்து ஆபீஸுக்குப் போனா, இதுல போதை இருக்கு, எக்சைஸ்ல போய்க் கேளுங்கறான். எக்சைஸுக்கு வந்தா, இது மருந்தாச்சே, அங்க போய்க் கேளுங்கறான். ஃபீஸ் கட்டுற அன்னிக்கு மட்டும் ரெண்டு பேருக்கும் நான் செல்லப்பிள்ள.

சோதனைக்கு வராம இல்ல, வந்தாங்க. மூணு வருஷத்துல பதினோரு தடவ. சுவத்துல டைல்ஸ் ஆறடிக்கு இருக்கான்னு அளந்தாங்க. ஜன்னல்ல கொசுவலை இருக்கான்னு பாத்தாங்க. கக்கூஸ் எத்தனை, ஆம்பளைக்கு எத்தனை, பொம்பளைக்கு எத்தனை. வேலைக்கு இருக்கறதே நானும் நாணு சேட்டனும் ரெண்டே பேரு, ரெண்டும் ஆம்பளைங்க. இருந்தாலும் பொம்பளைக்குன்னு ஒண்ணு கட்டச் சொன்னாங்க, கட்டினேன். நாணு சேட்டன் அதுல வெறகு அடுக்கி வெச்சிருக்காரு. அப்புறம் ஒருத்தர் ஸ்கேல வெச்சு லேபிள்ல எழுத்த அளந்தாரு. ரெண்டு மில்லிமீட்டர் இருக்கணுமாம், ஒண்ணரைதான் இருக்காம். ஆனா ஜாடிக்குள்ள என்ன இருக்குன்னு ஒரு மனுஷன் எட்டிப் பாக்கல மேடம். மூடியில பேரு எழுதியிருக்கா, அவ்வளவுதான்.

ஒண்ணாந்தேதியா? அதையும் மறைக்கல. மாசம் ஒண்ணாந்தேதி சாராயக் கடை லீவு. அன்னிக்குக் காலையில எங்க பஞ்சாயத்துல இருக்கற ஆம்பளைங்க அத்தன பேருக்கும் ஒரே சமயத்துல வயித்து மந்தம் வரும். லைன் ஆத்துப் பாலம் வரைக்கும் நிக்கும். சும்மா குடுக்கக் கூடாது, சீட்டு இருந்தாத்தான் குடுக்கணும்னு சட்டம். சரின்னு நானும் ஸ்டூலப் போட்டு உக்காந்து நாடி பிடிச்சு சீட்டு எழுதினேன். ஒரே நாள்ல நூத்தி நாப்பது மந்தம். சாப்பாட்டுக்கு அப்புறம் ரெண்டு அவுன்ஸுன்னு எழுதிக் குடுத்தா, தொட்டுக்க என்ன வைத்தியரேங்கறான். சர்க்கார் கேட்டது சீட்டு. சீட்டு இருந்துச்சு. சட்டப்படி எல்லாம் சரிதான். சிரிக்காதீங்க மேடம்.

இப்ப ஜோபி சார் விஷயத்துக்கு வர்றேன். புதுசா வேலைக்கு வந்த இன்ஸ்பெக்டர், கை சுத்தம், அதை நான் எங்கயும் சொல்வேன். ஃபிப்ரவரி கடைசியில வந்தாரு. எல்லாரும் மூடியப் பாத்துட்டுப் போவாங்க, இவரு மூடியத் திறந்துட்டாரு. போட்டு பன்னெண்டாம் நாள் மேடம்! முப்பது நாளைக்குத் திறக்கவே கூடாது. சார், இன்னும் ஆகல, உள்ள வேலை நடந்துட்டிருக்கு, ஆன ஜாடி இந்தா இருக்கு, இதுல எடுங்கன்னு சொன்னேன். நீ காட்டுற ஜாடியில எடுக்கறதுக்கு நான் எதுக்கு வரணும்னுட்டாரு. நேர்மையான ஆளுங்களோட இதுதான் கஷ்டம்.

பச்சையா, நுரை பொங்கப் பொங்க மூணு பாட்டில்ல பிடிச்சாரு. கார்க் அடிச்சு, கம்பி கட்டி, அரக்கு வெச்சு, முத்திரை குத்தி, உங்க ஆபீஸ் ஸ்டோர் ரூம்ல கொண்டு போய் வெச்சாரு. ரிப்போர்ட் வர்ற வரைக்கும்னு கடைக்கும் கொட்டகைக்கும் அன்னிக்கே சீல் வெச்சுட்டாரு. தகரக் கூரை போட்ட ரூமு அது. லேபுக்கு அனுப்பணும்னா கவரிங் லெட்டர்ல பெரிய ஆபீஸர் கையெழுத்து போடணும், அவரு எலெக்ஷன் டூட்டி. மார்ச் போச்சு, ஏப்ரல் போச்சு, மே போச்சு. சுத்தி அடிக்கிற வெயில்ல, உள்ள வெல்லமும் பூவும் தன்பாட்டுக்கு வேலையப் பாத்துட்டு இருக்கு. கேஸு கீஸு அதுக்கு என்ன தெரியும்?

ஜூன்ல ஒண்ணு வெடிச்சிருச்சு. நிஜமாத்தான் மேடம். ஸ்டோர் காவலுக்கு இருந்தவரு பாம்புன்னு கத்திக்கிட்டு ரோட்டுக்கு ஓடியிருக்காரு. மறுநாளே எனக்கு நோட்டீஸ். உமது பாட்டில் அரசு கட்டடத்தில் வெடித்ததற்கு விளக்கம் தருக. நான் என்னன்னு விளக்குவேன்? உங்க கஸ்டடியில இருந்த பாட்டில் சார், கார்க் அடிச்சது நீங்களா நானான்னு எழுதலாம்னு பாத்தேன். வக்கீல் வேண்டாம்னுட்டாரு.

மிச்சம் இருந்ததுல ஒண்ணு லேபுக்குப் போச்சு. வந்துச்சு ரிப்போர்ட்டு. பதிமூணு புள்ளி ஆறு. எங்கிட்ட இருந்தப்ப மருந்து, உங்க ரூம்ல நாலு மாசம் இருந்து கள்ளாயிடுச்சு. இப்ப சொல்லுங்க, காய்ச்சினது யாரு?

சும்மா வாயால சொல்லல. உங்க கையில இருக்கே, பாட்டில் பிடிச்ச அன்னிக்கு ஜோபி சார் எழுதின மகஜரு, அதுல மூணாவது பக்கத்தப் பாருங்க. அவருக்கு எதையும் விட்டுட்டா தூக்கம் வராது, எல்லாத்தையும் எழுதியிருக்காரு. ஜாடியில் திரவம் நுரைத்துப் பொங்கிக் கொண்டிருந்தது, காதை வைத்தால் சத்தம் கேட்டது. காத வெச்சுக் கேட்டிருக்காரு மனுஷன்! பொங்குதுன்னா முடியலன்னு அர்த்தம். அதுக்கு மேல நான் என்ன சாட்சி கொண்டு வரணும்?

அப்படியா? கேஸு நிக்காதுங்கறீங்களா?

திங்கக்கிழமையே சீலப் பிரிச்சிடுவாங்களா.

நன்றி மேடம். ரொம்ப நன்றி. இல்ல, சந்தோஷந்தான். கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?

இன்னும் ஒரு அஞ்சு நிமிஷம். வெளிய யாரும் காத்துக்கிட்டு இல்லையே?

எம் பொண்டாட்டி பேரு வனஜாட்சி. எங்க ஊர் மதுவிலக்கு சங்கத்துல மாதர் பிரிவுக்கு அவதான் செயலாளர். ஆத்தோரத்துல சர்க்கார் சாராயக் கடை திறக்க வந்தப்ப, பதினேழு நாள் மழையில குடையப் பிடிச்சுக்கிட்டு வாசல்லயே உக்காந்தா. கடை வரல. கல்யாண வீட்டுல எவனாவது வாடையோட பக்கத்துல வந்தா எழுந்து போயிடுவா. அப்படிப்பட்டவ.

போன மார்ச்ல, சீல் வெச்சு நாலாம் நாளு, அவளுக்குக் கை நடுங்க ஆரம்பிச்சுச்சு. காய்ச்சல்னு நெனச்சேன். ராவெல்லாம் வேர்த்துக் கொட்டுது, சுவத்துல எறும்பு ஊருதுங்கறா. எறும்பு இல்ல. மெடிக்கல் காலேஜுக்குத் தூக்கிட்டுப் போனோம். ஒரு சின்ன வயசு டாக்டரு, பரிசோதிச்சுப் பாத்துட்டு, இவங்க தினம் எவ்வளவு குடிப்பாங்கன்னு எங்கிட்ட கேட்டாரு. நான் கையை ஓங்கிட்டேன் மேடம். யாரப் பாத்து என்ன கேக்கறேன்னு சத்தம் போட்டேன், வார்டே திரும்பிப் பாத்துச்சு. அவதான் கட்டில்ல படுத்தபடியே சொன்னா. குடியா, அந்தப் பாவமெல்லாம் கிடையாது டாக்டர், அரிஷ்டம் மட்டும் ஒரு நாலு பாட்டிலுன்னு.

நாலு பாட்டில். எங்க ரெண்டாவது பொண்ணு பொறந்தப்ப, பிரசவ மருந்துன்னு ரெண்டு ஸ்பூனு நாந்தான் ஊட்டினேன். என் கையால. இருபத்தி மூணு வருஷமாச்சு. பசி எடுக்கலன்னா ஒரு அவுன்ஸு, தூக்கம் வரலன்னா ஒரு அவுன்ஸு, மனசு சரியில்லன்னா ஒண்ணு. எல்லாம் மருந்துதான. கேட்டா நானும் குடுத்தேன். கேக்காமயும் எடுத்திருக்கா, ஸ்டாக்குல குறையும், நாணு சேட்டன்னு நெனச்சு அவரத் திட்டியிருக்கேன். அந்தப் பாவத்த எங்க போய்த் தீக்கறது. ஊருக்கெல்லாம் நாடி பிடிச்சவன் நான், பக்கத்துல படுத்திருக்கறவளோடதப் பிடிச்சுப் பாக்கல.

இப்ப நல்லா இருக்கா. கல்லீரல் கொஞ்சம் பழுதுதான், இனிமே ஒரு சொட்டு போனாலும் பிழைக்க வைக்க முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆனா சோறு திங்கறா. நேத்து பேரப்பிள்ளையோட சேந்து சிரிச்சா, நான் மறந்தே போயிருந்தேன் அந்தச் சிரிப்ப.

வேற கடையிலயா? வாங்க மாட்டா. சங்கத்துச் செயலாளர் வெளிக் கடையில போய் நிப்பாளா? அடுத்த வைத்தியன் போட்டதுல அவளுக்கு நம்பிக்கையும் கிடையாது. கீழ எங்க கொட்டகையில முப்பத்தாறு ஜாடி நிக்குது, அது அவளுக்குத் தெரியும். அடிக்கடி படியிறங்கி வந்து கதவுகிட்ட நிக்கறா. நான் மேல இருந்து பாப்பேன். விரலால அரக்கத் தொட்டுப் பாப்பா, திரும்பி ஏறிடுவா. சர்க்கார் முத்திரைய உடைக்கறது குத்தம்னு அவளுக்கு அவ்வளவு பயம்.

நானே மூடிக்கலாமேங்கறீங்க. என் பூட்டுன்னா சாவிய எங்கிட்ட கேப்பா மேடம். கேட்டா நான் குடுத்துருவேன். இருபத்தி மூணு வருஷம் குடுத்த கை இது. எனக்கே எம் மேல பயமா இருக்கு.

நான் சொன்னதெல்லாம் உண்மைதான். இல்லேங்கல. ஆனா இந்த மூணாவது பக்கத்த நீங்க படிக்கவே இல்லைன்னு வெச்சுக்குங்களேன். லைசென்ஸ் ரத்துன்னு போடுங்க, சீல் அப்படியே இருக்கட்டும். ஜாடியில அன்னிக்கே பதிமூணு புள்ளி ஆறு இருந்துச்சுன்னு எழுதுங்க, நான் ஒத்துக்கறேன். எங்க கையெழுத்து போடணும், இங்கயா?