மூன்று பீப், பிறகு ஓர் இடைவெளி

ஒரு வெள்ளிக்கிழமை, மதியம் பன்னிரண்டே முக்கால். கும்மிருட்டு. நவம்பர் கடைசியில் இறங்கிய சூரியன் இனி ஜனவரியில்தான் எழும். ஸ்கார்விக் என்ற கடற்கரை ஊருக்குப் போகும் சாலையில் ஒரே ஒரு வேனின் விளக்கு... ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல். பதினெட்டு கிலோமீட்டருக்கு ஒரு வீடு கிடையாது.

வண்டிக் கதவை நன்றாகச் சாத்துங்கள். பனி தள்ளும் வண்டி வந்து சாலைத் தடுப்பைத் திறக்க இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும். அதற்குள் இந்தக் கதையை முடித்துவிடுவேன்.

வேனை ஓட்டியவள் குன்வோர். மீன் ஆலையில் என் பக்கத்து மேசையில் நிற்கும் ரெய்டுனின் அக்கா. ஐம்பது வயது. ஊர் ஊராகப் போய்க் கணினி பழுது பார்ப்பவள். இதை எனக்குச் சொன்னது ரெய்டுன். அவள் மிகைப்படுத்துகிற ஆள் இல்லை. ஒரு மீனைப் பெரியது என்று சொல்வதற்கே இரண்டு முறை யோசிப்பாள்.

குன்வோரை அழைத்தது ஸ்கார்விக்கின் கடைசி வீட்டு ரக்னா. எழுபது வயது. ஜெபவீட்டில் முதல் வரிசை. வாயில் ஒரு தப்பான சொல் வந்ததில்லை. நம் வடக்கில் அது எவ்வளவு அபூர்வம் என்று உங்களுக்கே தெரியும். அவளுடைய கணவர் ஹில்மார் அக்டோபர் பதினேழாம் தேதி தனியாகப் படகில் போனார். மூன்றாம் நாள் படகின் பாதி கரை ஒதுங்கியது. மறுபாதி வரவில்லை. அவரும் வரவில்லை.

ஸ்கார்விக்கின் விரிகுடாவில் சால்மன் மீன் வளர்க்கும் கூண்டுகளை இறக்க ஒரு நிறுவனம் விண்ணப்பித்திருந்தது. அங்கே காட் மீன் முட்டையிடுகிறது என்று ஆதாரத்தோடு மறுப்பு அனுப்ப அன்று மூன்று மணிதான் கெடு. ஆதாரம் இருந்தது. முப்பத்தொரு வசந்த காலங்கள்... எந்த இடம், கை விரித்த அளவில் எத்தனை பாகம் ஆழம், எவ்வளவு மீன் என்று ஹில்மார் எழுதி வைத்த பட்டியல். அவருடைய மேசைக் கணினியில் மட்டும். வேறு எங்கும் நகல் இல்லை. மீன் இருக்கும் இடத்தை அவர் சொந்தத் தம்பிக்கே காட்டியதில்லை.

அந்தக் கணினிதான் காலையிலிருந்து எழும்பவில்லை.

குன்வோர் பொத்தானை அழுத்தினாள். விசிறி சுற்றியது. பீப்... பீப்... பீப். விசிறி நின்றது. திரையில் ஒன்றுமில்லை. ஒரு மூச்சு விடும் நேரம். யாரும் தொடாமலே மறுபடி சுற்றியது. பீப்... பீப்... பீப். நின்றது.

பயப்பட ஒன்றுமில்லை. இப்படி நூறு பார்த்தவள் அவள். மின்கம்பியைப் பிடுங்கினாள். பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தாள். பெட்டியைத் திறந்தாள். தூசி. ராம் அட்டைகளை உருவி, பொன்னிற முனைகளை அழிப்பானால் தேய்த்து, இடம் மாற்றிச் செருகினாள். அதே மூன்று பீப். அதே இடைவெளி. பிறகு அவளுடைய வழக்கமான முறை... எல்லாவற்றையும் கழற்றி, ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்ப்பது. ஹார்ட் டிஸ்க் இல்லாதபோது கணினி ஒழுங்காக எழுந்து, டிஸ்க் எங்கே என்று கேட்டது. டிஸ்க்கை மாட்டினால் செத்தது.

சரி, நோய் எங்கே என்று தெரிந்தது. டிஸ்க்கைத் தனியே எடுத்து, ஒரு கம்பி வழியாகத் தன் மடிக்கணினியில் இணைத்தாள். மடிக்கணினியின் திரை அணைந்தது. டிஸ்க்குக்குள்ளிருந்து ஒரு சத்தம். க்ளக்... க்ளக்... க்ளக். இடைவெளி. க்ளக்... க்ளக்... க்ளக்.

கெட்டுப்போன டிஸ்க் அப்படித் தட்டும். குன்வோர் கம்பியைப் பிடுங்கினாள்.

தட்டுவது நிற்கவில்லை.

மேசை மேல் ஓர் உள்ளங்கை அளவு இரும்பு. எதோடும் இணைப்பில்லை. க்ளக்... க்ளக்... க்ளக். அதன் விளிம்பில் ஈரம் கசிந்தது. குன்வோர் விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு. அறையில் கடற்பாசி வாடை, நனைந்த மீனவர் மழைச்சட்டையின் வாடை.

காபிக் கெண்டியோடு வாசலில் நின்ற ரக்னா சொன்னாள்: “ஒத்தைத் துடுப்பு.”

குன்வோர் திரும்பினாள்.

“மூணு தடவை இழுப்பாரு, ஒரு தடவை ஓய்வு. இடது தோள்பட்டை அவருக்குச் சரியில்ல.”

கரையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். கடலில் செத்து, மண்ணில் புதைக்கப்படாத ஆள் பாதிப் படகில், ஒற்றைத் துடுப்போடு வருவான். அதற்கு ஜெபம் உதவாது, திட்டினால்தான் போகும் என்பார்கள். ஆனாலும் ரக்னா முதலில் ஜெபித்தாள். சத்தம் பலத்தது. பக்கத்தில் வந்தது. மேசைக் கால் அதிர்ந்தது.

அடுத்தது குன்வோர். மீன்துறை மேடையில் வளர்ந்தவள். அவள் ஆரம்பித்தால் மாலுமிகள் ஒதுங்கி வழிவிடுவார்கள். இரண்டு நிமிடம், ஒரு சொல் திரும்ப வராமல் திட்டினாள். க்ளக்... க்ளக்... க்ளக். நிதானமாக. கேட்டு ரசிப்பது மாதிரி.

“விடு பொண்ணே,” என்றாள் ரக்னா. “அவரு நாப்பது வருஷம் இந்த வார்த்தைங்களுக்குள்ளதான் மீன் புடிச்சாரு. நீ திட்டுறது அவருக்கு வானொலி கேக்குற மாதிரி.”

“அப்போ நீங்க திட்டுங்க.”

ரக்னா கெண்டியைக் கீழே வைத்தாள். மணி இரண்டைத் தாண்டியிருந்தது. சன்னலுக்கு வெளியே விரிகுடா, கறுப்பாக. நாளைக்கு அது வேறு யாருடையதோ.

பிறகு அவள் மேசையருகே போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்தாள். குரலை உயர்த்தவில்லை என்கிறாள் குன்வோர். கடைக்குப் போகிறவரிடம் இன்னொரு சாமானையும் சொல்வது போலச் சொன்னாளாம்.

“ஹில்மார். நாப்பத்தாறு வருஷம் உன் மூடுன வாயோட குடும்பம் நடத்தினேன். ஒரு வார்த்தை கேட்டதில்ல. இப்ப யார்கிட்ட மறைக்கிற? அங்க இரும்புக் கூண்டு வந்தா ஒளிச்சு வைக்க உனக்கு என்ன மிச்சம்? உன்னைக் கடலுக்குக் குடுத்துட்டேன். இந்தக் குடாவையும் சேத்துக் குடுக்க மாட்டேன். கையை எடுடா, நாசமாப் போன பிசாசே.”

அதற்குப் பிறகும் ஒரு சொல் சொன்னாள். அதை நான் இங்கே சொல்லப்போவதில்லை. ரெய்டுன் ஆலையில் அதைச் சொன்னபோது, மீன் வெட்டுகிற ஆண்கள் கத்தியைக் கீழே வைத்தார்கள்.

க்ளக்... க்ளக்...

மூன்றாவது வரவில்லை.

சுவர்க் கடிகாரத்தில் இரண்டு பன்னிரண்டு.

குன்வோர் டிஸ்க்கைத் துடைத்து, பெட்டிக்குள் மாட்டி, பொத்தானை அழுத்தினாள். ஒரே ஒரு பீப். திரை வெளிச்சமானது. பட்டியல் கிடைத்தது. திறந்து பார்க்க நேரமில்லை. மறுப்போடு அப்படியே இணைத்து, இரண்டு நாற்பதுக்கு அனுப்பினார்கள். ரக்னா குழாயடிக்குப் போய் மூன்று முறை வாய் கொப்பளித்தாள். “வாய் கசக்கும்னு நெனச்சேன். கசக்கல,” என்றாளாம்.

அந்தக் குடாவில் இன்றுவரை கூண்டு இல்லை. போகும்போது வலப்பக்கம் பாருங்கள், வெறும் தண்ணீர்தான்.

திங்கட்கிழமை ஊராட்சி அலுவலகத்திலிருந்து ஒருவர் ரக்னாவைத் தொலைபேசியில் அழைத்தார். அருமையான பட்டியல், மறுக்க முடியாத ஆதாரம் என்றார். ஒரு சின்னச் சந்தேகம் மட்டும். அக்டோபர் பதினேழுக்குப் பிறகும் தினம் ஒரு வரி இருக்கிறதே, அதை எழுதுவது யார்?

அந்த வரிகள் எல்லாவற்றிலும் ஒரே இடம். ஒரே ஆழம், அறுபத்தொரு பாகம். மீன் எவ்வளவு என்ற கட்டத்தில், முன்பெல்லாம் எண் இருந்த இடத்தில், ஒரே சொல்: சுற்றிலும்.

கடைசி வரி அந்த வெள்ளிக்கிழமையினுடையது. நேரம், இரண்டு பன்னிரண்டு. அதில் மட்டும் குறிப்புக் கட்டமும் நிரப்பப்பட்டிருந்தது. ரக்னா படித்துக் காட்டச் சொன்னாள். அலுவலகத்து ஆள் தயங்கித் தயங்கிப் படித்தார்.

“ரக்னா திட்டினாள். துடுப்பை விட்டுவிட்டேன்.”