சிவப்பணுக்களைக் காட்டி உயிர் மீட்ட கனகசபாபதி ஐயாவுக்கு

கண்ணுக்கு எட்டாத உயிரணுக்களைக் கண்போல் காத்த கண்ணியரே! துளி இரத்தத்தில் ஓர் உலகையே காட்டிய தூயவரே! எங்கள் மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் நுண்ணோக்கியோடு நோன்பிருந்த பெருந்தகையே! வணக்கம்!

வெங்காயத் தோலைக் கண்ணாடிச் சில்லில் வைத்து, சமையற்காரர் முதல் செவிலியர் வரை எங்களைக் கூவிக் கூவி அழைப்பீர்களே! அடுக்கடுக்கான அறைகளையும், அறைக்கொன்றாய் அமர்ந்த உட்கருவையும் கண்டு நாங்கள் வியந்து நிற்க, “சிவப்பணுவுக்கு மட்டும் உட்கரு கிடையாது. மூச்சுக்காத்தைச் சுமக்க இடம் வேணும்னு அதையும் எறக்கி வச்சிருச்சு!” என்று சிரிப்பீர்களே! அந்த உற்சாகத்தை எப்படி மறப்போம்?

1959 சித்திரையின் அந்த நண்பகலையும் மறவோம். அச்சங்குளத்து வீரலட்சுமி பெண்மகவை ஈன்றார். குழந்தை வீறிட்டு அழுதது. தாய்க்கோ உதிரப்போக்கு நிற்கவில்லை. உடனே இரத்தம் ஏற்ற வேண்டும் என்றார் மருத்துவர். அண்ணன் கோட்டைச்சாமி சட்டைக் கையைச் சுருட்டியபடி பாய்ந்து வந்தார்.

“கூடப் பொறந்த ரத்தம்யா! இதுல சோதிக்க என்ன இருக்கு? எடுங்க!”

தாங்கள் எடுத்தது ஒரு துளி மட்டுமே. மின்சாரம் இல்லை. நுண்ணோக்கியைச் சன்னலோரம் தூக்கிச் சென்று, அதன் கண்ணாடியில் வெயிலைப் பிடித்துக் குனிந்தீர்கள். தங்கையின் குருதிநீரில் அண்ணனின் அணுக்கள் கொத்துக் கொத்தாய்த் திரண்டு நின்றன! “இதை ஏத்துனா உசுரு போயிரும்” என்று மறித்தீர்கள். கோட்டைச்சாமி தங்கள் சட்டையைப் பற்றி உலுக்கினார். தாங்கள் இம்மியும் அசையவில்லை.

எங்களுள் அறுவரின் குருதியைச் சோதித்தீர்கள், ஒன்றும் ஒத்துவரவில்லை. அப்போது வார்டு கூட்டும் ராமுத்தாய் துடைப்பத்தை வைத்துவிட்டுக் கை நீட்டினார். ஆகா! அவர் அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியே மிதந்தன!

வீரலட்சுமியின் தாய் இருளம்மாள் தயங்கினார். “அவ ரத்தமா? எங்க சனம் என்னய்யா சொல்லும்?”

மகளின் துளியை ஒரு சில்லிலும் ராமுத்தாயின் துளியை மறுசில்லிலும் இட்டு, அந்தத் தாயைக் குனியச் செய்தீர்கள். “இதுல உங்க மக எது, ராமுத்தாய் எதுன்னு சொல்லுங்கம்மா. இருபது வருசமாப் பாக்கேன், எனக்கே தெரியல.”

மாறி மாறிப் பார்த்தார் இருளம்மாள். “ரெண்டும் ஒண்ணுபோலத்தானே இருக்கு...” என்றவர், நிமிர்ந்து கதறினார்: “ஏத்துங்கய்யா! எம் மக பொழைக்கட்டும்!”

பொழுது சாயுமுன் வீரலட்சுமி கண் விழித்தார், பிள்ளையைக் கேட்டார்! கோட்டைச்சாமி வராந்தாவுக்கு ஓடி, ராமுத்தாயின் எதிரே நின்று, “அக்கா, சாப்பிட்டீகளா?” என்றார். நாங்கள் அத்தனை பேரும் அழுதோம், சிரித்தோம்! அடுத்த வாரமே அச்சங்குளத்திலிருந்து பதினேழு பேர் வந்து, “எங்களுது யாருக்கு ஆகும், பாருங்கய்யா” என்று தங்கள் வாசலில் வரிசையில் நின்றார்களே! அதைவிடப் பெரிய பட்டயம் எது?

அறிவைப் பூட்டிவைக்காத ஆசானே! இத்தனை காலம் குனிந்த தங்கள் முதுகு இனி நிமிரட்டும்! நுண்மையே கண்ட கண்கள் இனி மலையும் கடலும் மனம்போலக் காணட்டும்! தங்கள் மேனியின் கோடானுகோடி உயிரணுக்களும் நூறாண்டு சோராது உழைக்கட்டும்! போய் வாருங்கள் ஐயா, பூரிப்போடு!

தங்கள் அன்பால் ஒன்றான,
மருத்துவமனைப் பணியாளர்கள்
30-6-1966