ஒத்த ஓட்டு கவுன்சிலர்

மெஹ்னாஸ்: ...அட்டெண்டன்ஸ் அம்பத்தெட்டு பெர்சன்ட்தான் இருக்குண்ணா. எழுபத்தஞ்சு இல்லேன்னா பரீட்சை எழுத விடமாட்டாங்க.

சென்றாயன்: சனிக்கெழம மட்டுந்தான் கிளாஸு. அன்னிக்குன்னு பாத்துத்தான் வார்டுக்குத் தண்ணி லாரி வராது மேடம்.

மெஹ்னாஸ்: அதை எங்கிட்டயே சொல்றீங்களா? பத்து வருஷம் கவுன்சிலரா அந்த லாரி பின்னாடி ஓடுனவ நான்.

சென்றாயன்: அதான் உங்களுக்குப் புரியும்னு...

மெஹ்னாஸ்: புரியுது. ஆனா என்னைத் தோக்கடிச்ச ஆளுக்கே அட்டெண்டன்ஸ் போட்டேன்னு தெரிஞ்சா டிபார்ட்மென்ட்டே சிரிக்கும்.

சென்றாயன்: ஏற்கெனவே சிரிச்சாச்சு. மொத நாளு கிளாஸுக்குள்ள வந்ததும் கையெடுத்துக் கும்பிட்டு, "வாக்காளப் பெருமக்களே"ன்னீங்களே!

மெஹ்னாஸ்: ஐயோ, அதை விடுங்கண்ணா! பழக்க தோஷம்...

சென்றாயன்: பெங்களூர்ப் பசங்க ரெண்டு பேரு எந்திரிச்சுத் திருப்பிக் கும்பிட்டானுங்க.

மெஹ்னாஸ்: கிண்டலு! சிப்காட்டுல லேத்துப் பட்டறைய வச்சுக்கிட்டு, நாப்பத்தெட்டு வயசுல எம்.ஏ. படிக்க வந்தவருக்குக் கிண்டலைப் பாரு. சரி, வராததுக்குக் காரணம் எழுதிக் குடுங்க. ஹெச்.ஓ.டி.கிட்ட கேட்டுப் பாக்கறேன்.

சென்றாயன்: வேணாம் மேடம். அடுத்த வாரத்துலருந்து ஒழுங்கா வந்துருவேன்.

மெஹ்னாஸ்: எப்படி? வார்டை யாரு பாப்பா?

சென்றாயன்: இந்த லெட்டர்ல தப்பு இருந்தாத் திருத்திக் குடுங்க. அதுக்குத்தான் வந்தேன்.

மெஹ்னாஸ்: "கமிஷனர் அவர்களுக்கு... மாமன்ற உறுப்பினர் பதவியிலிருந்து..." என்னண்ணா இது, ராஜினாமாவா!

சென்றாயன்: திங்கக்கெழம குடுக்கறேன்.

மெஹ்னாஸ்: யாராவது மிரட்டுறாங்களா?

சென்றாயன்: மிரட்டுனா எதுத்து நின்னுருவேன். சிரிக்கறாங்க மேடம். கூட்டத்துல சாக்கடையப் பத்திப் பேசலாம்னு எந்திரிச்சா, எதுத்தாப்ல இருக்கறவன் ஒத்த விரலைக் காட்டறான். டீக்கடைக்குப் போனா, "ஒத்த ஓட்டு வந்துட்டாரு"ங்கறான். எம் பொண்டாட்டி ரேவதி ரேஷன் கடை வரிசையில நிக்கவே கூச்சப்படறா.

மெஹ்னாஸ்: ஒரு ஓட்டுல ஜெயிச்சாலும் ஜெயிச்சதுதான்.

சென்றாயன்: நானா ஜெயிச்சேன்? எவனோ கண்ணாடி போடாம வந்து பட்டனைத் தப்பா அமுக்கிட்டான்னு ஊரே பேசுது. எனக்கும் அப்படித்தான் தோணுது. உங்க சேரைத் திருடிட்டு வந்து உக்காந்த மாதிரி...

மெஹ்னாஸ்: பைத்தியம் மாதிரிப் பேசாதீங்க. நான் இங்க சந்தோஷமாத்தான் இருக்கேன்.

சென்றாயன்: மறுபடி எண்ணச் சொல்லியிருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது. உங்க வீட்டுக்காரர் சல்மான் பாய் அழுதுக்கிட்டே கெஞ்சுனாரு. நீங்கதான் "வேணாம், வீட்டுக்குப் போலாம்"னீங்க. ஏன் மேடம்?

மெஹ்னாஸ்: ...அந்தக் கதவைச் சாத்துங்க.

சென்றாயன்: சாத்தியாச்சு.

மெஹ்னாஸ்: இந்தக் காலேஜ் வேலைக்கு ஆர்டர் எப்ப வந்துச்சு தெரியுமா? ஓட்டுப் போடறதுக்கு நாலு நாளு முன்னாடி. வாபஸ் வாங்கற தேதியும் முடிஞ்சுபோச்சு. ஜெயிச்சா இதுல சேர முடியாது. பிஎச்.டி. முடிச்சு ஆறு வருஷமா இதுக்குத்தான் ஏங்கிக்கிட்டிருந்தேன். கட்சியிலயும் சொல்ல முடியல, வீட்லயும் சொல்ல முடியல.

சென்றாயன்: அடப்பாவமே... அப்புறம்?

மெஹ்னாஸ்: பூத்துக்குள்ள நின்னு யோசிச்சேன். நான் போயிட்டா நம்ம வார்டு ஜனத்துக்கு யாரு இருக்காங்க? வாராவாரம் என்மேலயே மனு எழுதிக்கிட்டு வந்து என் உசுரை வாங்குன ஆளு ஒருத்தர்தான் இருந்தாரு.

சென்றாயன்: மேடம்... அப்படின்னா...

மெஹ்னாஸ்: யாரும் தப்பா அமுக்கலண்ணா. உங்க பேரை ரெண்டு தடவ படிச்சுப் பாத்துட்டுத்தான் அமுக்குனேன்.